பூக்க விடாத மலை

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர், மலாயாவில் பகாங் மாநிலத்தின் மேற்கெல்லைக் காடுகளில் அலைந்து திரிந்து, மலைகளுக்கு நடுவே விசாலமானதொரு மேட்டு நிலத்தைக் கண்டதாகச் செய்தி சொன்னார். ஆனால் அதைப் படத்தில் சரிவரக் குறித்து வைக்காமற் போனமையால், கேமரன் மலை என்று அவருடைய பெயரைத் தாங்கிய அந்தப் பிரதேசம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் செவிவழிச் செய்தியாகவே இருந்துவிட்டது. 1925இல் ஸர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் என்னும் உயர் அதிகாரி நேரில் வந்து பார்த்த பிறகுதான், வெள்ளைக்காரர்களின் குளிர்வாசத்துக்கும் விவசாயத்துக்கும் ஏற்ற இடம் இது என்று சர்க்கார் தீர்மானித்தது. மலைமேல் தானா ராத்தா என்னுமிடத்தில் ஒரு பரிசோதனைப் பண்ணை எழுந்தது. தேயிலை, காப்பி, சிங்கோனா, காய்கறிகள் என்று பல பயிர்களையும் அங்கே நட்டுப் பார்த்தார்கள். அடிவாரத்துத் தாப்பா ஊரிலிருந்து மலையேறும் பாதையும் 1930ஐ ஒட்டி உருவாயிற்று.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற வியாபாரி, இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரைத் துணை சேர்த்துக்கொண்டு, போ என்னும் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தோட்டம் வந்தது. வடக்கே புளூ வேலித் தோட்டமும் தழைத்தது. காட்டை வெட்டியவர்களும், நிரை பிடித்து நட்டவர்களும், பின்பு கூடை சுமந்து கொழுந்தெடுத்தவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. கங்காணிமார் திரட்டிக் கப்பலேற்றிய அந்த ஜனங்களின் வரத்தை 1938இல் இந்திய சர்க்கார் நிறுத்தியபோது, இம்மலையில் லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளும் கோயில்களும் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தன.

அந்தத் தொழிலாளிகளின் கைகள் தலைமுறை தலைமுறையாக என்ன செய்துவந்தன என்று தாவரத்தின் பக்கம் நின்று பார்த்தால், ஒரு விசித்திரம் புலப்படும். தேயிலை இயற்கையில் ஒரு மரம். அஸ்ஸாம் ஜாதியைத் தன் போக்கில் விட்டால் முப்பது, நாற்பது அடிக்கு மேல் வளர்ந்து, மஞ்சள் மகரந்தக் கேசரங்கள் நிறைந்த வெண்மையான புஷ்பங்களைப் பூத்துக் காய்த்து நிற்கும். அதை இடுப்பளவு உயரத்தில் நிறுத்தி, நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்து, சந்ததியை உண்டாக்க வேண்டிய சக்தி முழுவதையும் இலையாக்கும்படி வற்புறுத்துவதே தோட்டத் தொழிலின் சாரம். செடியின் நுனிமொட்டு கீழுள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும் சுபாவமுடையது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நுனியைக் கிள்ளியவுடன் அந்த அடக்குமுறை நீங்கிப் பக்க மொட்டுகள் கிளம்புகின்றன, அவற்றையும் கிள்ளுகிறார்கள். அஸ்ஸாமில் குளிர்காலத்தில் சில மாதங்கள் செடி உறங்கும். பூமத்திய ரேகையிலிருந்து நாலரை பாகை தூரமேயுள்ள கேமரனில் அந்த உறக்கமும் கிடையாது. ஆண்டு முழுவதும் தளிர். ஆகவே ஆண்டு முழுவதும் வேலை.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கவாத்து என்னும் கிளைவெட்டு இன்னும் கடுமையானது. இலை அநேகமாக ஒன்றும் இல்லாமல் வெட்டப்பட்ட செடி, சூரிய ஒளியைக் கொண்டு ஆகாரம் சமைக்க வழியற்று, வேரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தை நம்பியே மறுபடி தளிர்க்க வேண்டும். ஆதலால் இலங்கை மலைத் தோட்டங்களில், கவாத்துக்கு முன் ஒரு வேர்த்துண்டை நறுக்கி அயோடின் தடவிப் பார்க்கும் வழக்கம் உண்டு; வெட்டிய முகம் கருநீலமாக மாறினால் கத்தியை எடுக்கலாம்; வெளிறியே இருந்தால் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

பூக்க விடாத பயிருக்கு விதை எங்கிருந்து வந்தது? ஆரம்ப காலத்தில் தேயிலை நடுவதென்றால் விதையால் நடுவதுதான். அதற்கென்று சில மரங்களைக் கவாத்தில்லாமல் வளரவிட்டார்கள். தேயிலைப் பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறுவது மிக அரிது. ஈயோ வண்டோ வேறொரு மரத்தின் மகரந்தத்தைக் கொண்டு வர வேண்டும். பூவிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய ஓராண்டு பிடிப்பதால், ஒரே கிளையில் இவ்வாண்டுப் பூவும் சென்ற ஆண்டுக் காயும் சேர்ந்தே நிற்கும். எண்ணெய்ச் சத்து மிகுந்த அந்த விதை, காய்ந்துபோனால் விரைவில் உயிரிழந்துவிடும். நாற்றங்காலில் விதைகளைத் தண்ணீரில் கொட்டி, மிதந்தவற்றை ஒதுக்கி, மூழ்கியவற்றை ஈரமணலில் பரப்பி, ஓடு வெடித்தவுடன் ஒவ்வொன்றாக எடுத்து நட்டார்கள். அயல் மகரந்தத்தால் உண்டானவை என்பதால் எந்த இரண்டு செடியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இப்படி விதையால் நட்ட பழைய விதைமலை ஒன்றினுள் நுழைந்து பார்த்தால், ஒரு செடியின் இலை அகன்று வெளிர்ப்பச்சையாகவும், பக்கத்துச் செடியின் இலை சிறுத்துக் கரும்பச்சையாகவும், ஒன்று கொழுந்துவிட்டு நிற்க மற்றொன்று அசையாமலும் இருக்கக் காணலாம். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே பச்சைதான்.

இந்த வேற்றுமை தோட்டத்துத் துரைமார்களுக்குத் தொல்லையாகவே பட்டது. 1946இல் இலங்கையில் புகுந்த கொப்புள நோய் என்னும் பூஞ்சணத் தொற்று, கிள்ளத்தக்க இளந்தளிரையே தாக்கித் தோட்டக்காரர்களைக் கலங்க அடித்தது. அப்போது வெளிப்பட்ட உண்மை, விதைச்செடிகளில் சில நோயைத் தாங்கின, சில தாங்கவில்லை என்பதே. நல்ல தாய்ச்செடியைத் தேர்ந்து, அதன் கிளையை ஓர் இலையும் ஒரு பக்க மொட்டும் இரண்டங்குலத்துக்குக் குறைந்த தண்டுமாக நறுக்கி, நிழலில் ஊன்றி வேர்விடச் செய்யும் முறை பரவிற்று. பூவும் மகரந்தமும் வண்டும் இல்லாமலே, தாயின் பிரதியாக ஆயிரக்கணக்கான செடிகள் கிடைத்தன. விளைச்சலும் உயர்ந்தது. ஆனால் விதையிலிருந்து வந்த செடிக்கு ஆழ இறங்கும் ஆணிவேர் உண்டு. இப்படித் தண்டை ஊன்றி வளர்த்த பதியன் செடிக்கு அது இல்லை. வறட்சியிலும், மழையில் மண் சரியும் செங்குத்தான சரிவுகளிலும் இந்தக் குறை சிறிதென்று நான் கொள்ளமாட்டேன்.

இனி, கிள்ளும் கை தடுக்காத இடத்தில் தாவரங்கள் எப்படிப் பெருகுகின்றன என்று காண, சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளைக் கடந்து, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் சிகரத்துக்குப் போகும் பாதையில் ஏறினால், தாவரவர்க்கத்தின் பெரும் பிரிவுகள் எல்லாமே தத்தம் வழியில் சந்ததி பெருக்குவதை ஒரே ஏற்றத்தில் பார்த்துவிடலாம். பள்ளிக்கூடத்துத் தாவரவியல் புத்தகம் இதைவிட நன்றாகச் சொல்லிவிடாது. உச்சிக்காட்டில் மேகம் மரங்களுக்குள்ளேயே தங்கிவிடுவதால், கிளையெல்லாம் ஈரம் சொட்டும் பாசிப்போர்வை. மாஸ் என்னும் இச்சிறு தாவரங்களுக்கு உண்மையான வேரும் இல்லை, நீரேற்றும் குழாய்களும் இல்லை. நனைந்த பஞ்சைப்போல் உடம்பாலேயே நீரை வாங்கிக்கொள்கின்றன. இவற்றின் ஆண் அணு நீர்ப்படலத்தில் நீந்திச் சென்றுதான் பெண் அணுவை அடைய வேண்டும்.

சற்றுக் கீழே, சரிந்த மண்ணை முதலில் மூடும் ரெசாம் பெரணிகளும், குடைவிரித்த மரப்பெரணிகளும் நிற்கின்றன. இவற்றுக்கு வேரும் குழாயும் உண்டு. விதை மட்டும் இல்லை. இலையின் அடிப்புறத்துப் பழுப்புப் புள்ளிகளிலிருந்து உதிரும் தூள், நேரே பெரணியாக முளைப்பதில்லை. நகத்தளவே உள்ள இதய வடிவத் தகடாக முளைக்கிறது. அத்தகட்டின் அடியில், மீண்டும் ஒரு துளி நீரின் தயவால் சேர்க்கை நிகழ்ந்த பின்பே புதிய பெரணி எழும். தலைமுறை மாறி மாறி உருவெடுக்கும் இந்த இரகசியத்தை 1851இல் ஹாஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானியர் விளக்கினார். புத்தகக்கடைக் குடும்பத்தில் பிறந்து, சர்வகலாசாலைப் படிப்பு இல்லாமல் சாதித்தவர் அவர். மலாயாவின் பெரணிகளைப் பற்றிய பெருநூலைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் முன்பு பணியாற்றிய ஹால்டம் 1950களில் வெளியிட்டார்.

இவற்றினிடையே பொடோகார்ப்பஸ் குடும்பத்து மரங்களும் உண்டு. மகரந்தத்தைக் காற்றில் விட்டுவிடுவதால் அவற்றுக்கு நீரின் தயவு வேண்டாம். ஆனால் விதையை மூடிக் காக்கும் கனியும் கிடையாது. பூத்துக் கனியும் ஜாதியினரோ எங்கும் உள்ளனர். பூச்சியை உண்ணும் குடுவைச் செடியில் ஆண் வேறு, பெண் வேறாகவே இருக்கும் என்பது பலர் கவனியாத செய்தி.

தேயிலையும் பூத்துக் கனியும் இந்தக் கடைசிப் பிரிவைச் சேர்ந்ததுதான். இன்று அதைக் கிள்ளும் கைகள் மாறிவிட்டன. தமிழர் பலர் நகரங்களுக்கு இறங்கிவிட, வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இயந்திரக் கத்தரியோடு நிரைகளில் நடக்கிறார்கள். பழைய விதைமலைகளில் ஒரு செடி பட்டுப்போனால், அந்தக் குழியில் விதை ஊன்றுவதில்லை. பதியன் கன்றைத்தான் நடுகிறார்கள். ஒரே மாதிரியான அந்தக் கன்றுகள், ஒன்றுக்கொன்று ஒவ்வாத முதிய செடிகளின் நடுவே ஆண்டுக்கு ஆண்டு பெருகிவருகின்றன.