ஆத்தும சோதனை வந்த வழி



இம்மலரின் மற்றப் பக்கங்களில் நம் கோயில் எழும்பிய வரலாறும், இங்கே பணியாற்றிய குருக்கள், கன்னியர், உபதேசியார் ஆகியோரின் நினைவும் இடம் பெற்றுள்ளன. கல்லும் சுண்ணாம்பும் தேவைப்படாத ஒரு பழக்கத்தின் வரலாற்றை நாம் எழுத எடுத்துக்கொண்டோம். பெரியவர்கள் அதை ஆத்தும சோதனை என்பார்கள். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அவற்றுள் முதலாவது அதுதான். இன்று பலர் அதைக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள்.

தன்னையே சோதித்துக்கொள்வது கிறிஸ்தவர்கள் மட்டும் கண்ட வழியன்று. புனித சின்னப்பரின் காலத்தில் உரோமையில் வாழ்ந்த செனெக்கா என்னும் அறிஞர், இரவில் விளக்கை அகற்றியபின், அன்று தாம் செய்ததையும் சொன்னதையும் ஒன்றும் மறைக்காமல் தமக்குள்ளே விசாரிப்பதாக எழுதி வைத்தார். ஆனால் அந்த நீதிமன்றத்தில் நீதிபதியும் அவரே, குற்றவாளியும் அவரே. கிறிஸ்தவனோ வேறொருவரின் முன்னிலையில் அமர்கிறான்.

சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அப்பத்தை உண்ணுமுன் ஒவ்வொருவனும் தன்னைச் சோதித்தறியவேண்டும் என்று அங்கே கட்டளையிடுகிறார். திவ்விய நற்கருணை வாங்குமுன் செய்யும் ஆயத்தத்துக்கு இந்த வசனத்தைத்தான் காட்டுவோம். ஆனால் எதற்காக எழுதினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கொரிந்து நகரில் விசுவாசிகள் ஒன்றுகூடியபோது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறார உண்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அந்தப் பந்தியைக் கண்டித்த இடத்தில்தான் இக்கட்டளை வருகிறது. ஆகவே திருச்சபையில் நாம் காணும் மிகப் பழைய ஆத்தும சோதனைகளில் ஒன்று, பக்கத்தில் நிற்பவனை எப்படி நடத்தினோம் என்பதைப் பற்றியது.

பிறகு பாலைவனத் துறவிகள் வந்தார்கள். எகிப்து நாட்டு வனத்து அந்தோனியார் (இறப்பு 356), தம் சீடர்கள் தங்கள் செயல்களையும் உள்ளத்தின் அசைவுகளையும், பிறருக்குக் காட்டப்போவதுபோல் எழுதிவைக்கவேண்டும் என்றார். பிறர் படிப்பார்கள் என்ற வெட்கமே பாவத்தைத் தடுக்கும் என்பது அவர் கணக்கு. சீனாய் மலையில் வாழ்ந்த ஏணி அருளப்பர், ஒரு மடத்தின் உணவறையில் பணி செய்த துறவி இடுப்பில் சிறு ஏடு ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு தம் நினைவுகளை நாள்தோறும் குறித்ததைச் சொல்கிறார். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதும் நம் தாய்மாருக்கு இது புதிதாகத் தோன்றாது.

1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம், புத்தி விவரம் தெரிந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று விதித்தது. 1551-இல் திரிதெந்தீன் சங்கம், கவனமாய்ச் சோதித்தபின் நினைவுக்கு வரும் சாவான பாவங்களையெல்லாம் வெளியிடவேண்டும் என்றது. கேள்விகள் அடங்கிய கையேடுகள் பல வெளிவந்தன.

அப்படிப்பட்ட ஒரு நூல் நம் மொழியிலும் வந்தது. தமிழில் அச்சான முதல் நூல்களுள் அது ஒன்று என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே நெடுங்காலம் உழைத்த அன்றீக்கு அடிகளார், 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 1579-இல் கொச்சியில் ‘கிறீசித்தியானி வணக்கம்’ ஆகியவற்றைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அடுத்த ஆண்டே, 1580-இல், ‘கொம்பெசியோனாயரு’ என்ற பாவசங்கீர்த்தன நூல் வந்தது. மந்திரங்களும் ஞானோபதேசமும் கொடுத்த கையோடு, தன்னையே விசாரிக்கும் நூலைத்தான் தம் மக்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். நமக்கு அது பெருமையாக இருக்கிறது.

அன்றீக்கு அடிகளாரின் சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரைச் சொல்லாமல் இந்த வரலாறு நகராது. 1521-இல் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. மனந்திரும்பி, 1522-இல் மொன்செராத் மலையில் தம் வாழ்நாள் பாவங்களை எழுதி மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதோடு அமைதி கிடைத்ததா? இல்லை. மன்ரேசாவில், ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம் என்ற சந்தேகம் அவரை அரித்தது. சொன்னதையே மீண்டும் மீண்டும் சொன்னார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. ஒரு வாரம் உண்ணாமல் இருந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு உண்ணச் சொல்லிக் கட்டளையிட்டார். இந்தச் சித்திரவதை கடவுளிடமிருந்து வரவில்லை என்று கடைசியில் தெளிந்து, பழைய பாவங்களை இனிச் சொல்வதில்லை என்று முடிவு செய்தார்.

சோதனை வேறு, சஞ்சலம் வேறு. மன்னிக்கப்பட்ட பாவத்தைத் திரும்பத் திரும்பத் தோண்டியெடுத்து அழும் நல்ல ஆத்துமாக்கள் எல்லாப் பங்கிலும் உண்டு. அவர்களுக்காகவே இதைச் சற்று விரிவாக எழுதினோம்.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்த ஞானப் பயிற்சி நூலை 1548-இல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்தார். அதில் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் விழும்போதெல்லாம் மார்பில் கை வைத்து, பகல் உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் கோட்டின்மேல் புள்ளியிட்டு எண்ணும் முறை உண்டு. பொதுவான சோதனைக்கோ ஐந்து படிகள். முதற்படி பாவத்தைத் தேடுவதன்று, பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவது. இரண்டாவது, பாவத்தைக் கண்டறிய வரம் கேட்பது. அதன் பிறகுதான் கணக்கு. பின் மன்னிப்பும் பிரதிக்கினையும். நாம் ஞானோபதேசத்தில் கற்ற ஐந்தில் நன்றி இல்லாமற்போனது ஒரு குறை என்றே நமக்குத் தோன்றுகிறது. 1972-இல் ஜார்ஜ் ஆஷன்பிரென்னர் என்ற அமெரிக்க சேசு சபைக் குரு எழுதிய கட்டுரை, குற்றப் பட்டியலைவிட அன்றாடம் ஆண்டவர் நம்மை எங்கே இழுக்கிறார் என்பதைக் கவனிக்கும்படி அழைத்தது. 1973-இல் உரோமை வெளியிட்ட புதிய ஒப்புரவுச் சடங்கு நூலோ, பலர் சேர்ந்து ஆயத்தம் செய்யும் வழிபாட்டுக்கும் இடம் தந்தது.

சேர்ந்து செய்வது என்றதும் கொரிந்து நினைவுக்கு வருகிறது. 2000-ஆம் ஆண்டு யூபிலியின்போது, மார்ச் 12-ஆம் நாள், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக இராயப்பர் பேராலயத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2003 நவம்பரில் தம்மைக் காண வந்த தமிழக ஆயர்களிடம், சாதி வேற்றுமையின் சாயல்கூடக் கிறிஸ்தவ ஒற்றுமைக்கு முரணானது என்று எடுத்துரைத்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை, தீண்டாமை பாவம் என்றும், அது திருச்சபைக்குள்ளும் நடமாடுகிறது என்றும் ஒப்புக்கொண்டது.

யூபிலி கொண்டாடும் பங்குக்கும் இக்கேள்விகள் உண்டு. தேர் இழுக்கும்போது யார் வடம் பிடிக்கிறார்கள், யார் தள்ளி நிற்கிறார்கள்? கல்லறைத் தோட்டத்தில் வரப்பு ஏதும் உண்டா? எந்த வீட்டு அன்பியக் கூட்டத்துக்கு எவர் போவதில்லை? விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் நடைபெறும் பொது ஆத்தும சோதனையில் இவற்றை வாசிப்போம். ஒவ்வொன்றுக்கும் பின் சற்று நேரம் மௌனம் இருக்கும். பாவசங்கீர்த்தனம் கேட்க அயல் பங்குக் குருக்களும் வருகிறார்கள். ஆறு மணிக்கே வந்துவிடுங்கள்.