அன்னமும் ஔடதமும் – நெய்வேலி கூறும் வரலாறு

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களைச் சமணம் போற்றுகிறது. ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் மருந்தின் பெயர் தாங்கிய அறநூல்கள். அவற்றை இயற்றிய கணிமேதாவியாரும் காரியாசானும் சமணர். பசி தீர்த்தலும் பிணி தீர்த்தலும் ஓரறத்தின் இரு கைகள் எனக் கண்ட மரபு இது. அவ்வறம் அரசின் கடமையாக வளர்ந்ததை நெய்வேலிப் பகுதியில் காணலாம்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பரில் நிலக்கரி நிறுவனம் தோன்றியது. சிற்றூர்கள் பல இடம்பெயர்ந்தன. ஊழியர்க்கு வட்டம் வட்டமாகக் குடியிருப்பும் குடிநீரும் பொது மருத்துவமனையும் அமைந்தன. நகரியத்திற்கு வெளியே வாழ்ந்த எளியோர்க்கு ஆரம்ப சுகாதார நிலையமும் அரசுப் பள்ளியுமே துணையாயின.

அதே 1956-இல்தான் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவுத் திட்டமும் விரிவடைந்தது. நிலத்தடிச் செல்வத்தைத் தேடிய ஆண்டே குழந்தையின் பசியையும் எண்ணிய ஆண்டாயிற்று. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். வயிற்றை நிரப்புவது என்னும் நோக்கம், உடலை வளர்ப்பது என உயர்ந்தது. ஊட்டம் குன்றிய உடலை நோய் எளிதில் பற்றும். மருந்து மட்டும் அதனை மீட்காது.

1989-இல் சத்துணவில் முட்டை சேர்ந்தது. கொல்லாமையை விரதமாகக் கொண்ட குடும்பத்துக் குழந்தை, அவ்வரிசையில் வெறுந்தட்டுடன் நிற்பதா என்னும் வினா எழுவது இயல்பு. முட்டை உண்ணாதோர்க்கு வாழைப்பழம் என்னும் ஏற்பாடு அதற்கு விடையாயிற்று. பிறர் உணவைத் தடுக்காமலும் தன் விரதத்தை இழக்காமலும் ஒரே பந்தியில் அமர வழி பிறந்தது.

எனினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஒரு வாழைப்பழத்தில் 1 கிராம் அளவே உண்டு. விரதத்தைக் காக்கும் இல்லம் அக்குறையைப் பருப்பாலும் பயற்றாலும் கொண்டைக்கடலையாலும் பாலாலும் நிறைவு செய்தல் வேண்டும். சத்துணவிலும் பயறும் கடலையும் இடம்பெற்றிருப்பது நன்று.

2022 செப்டம்பர் 15-இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டமும் வந்தது. அரசு அன்னமிடுவதால் இல்லறத்தார் கடமை குறைந்துவிடாது. திருவிழா நாளில் இடும் அன்னத்தோடு, வளரும் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் ஒரு பிடி பயறு கிடைக்கச் செய்வோர், ஆகார தானத்தையும் ஔடத தானத்தையும் ஒருங்கே செய்தவராவர்.