கிளீனரின் இடத்தில் ஒரு கண்ணாடி

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களும் தேவர்களும் வலம் வரும் வழி என்பது நம்பிக்கை. அதனால் சாலையின் இடது ஓரமாகவே போவது வழக்கம். அதே திசையில் செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு கார் வருகிறது. ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். வெறுங்காலோடு நடக்கிறவர் இருப்பது இடப்பக்கம். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் வண்டிகளை விடுவதில்லை. மற்ற நாட்களில் 14 கிலோமீட்டர் சுற்றிலும் இருவரும் இப்படித்தான் இருக்கிறார்கள்: பார்க்க வேண்டியவர் ஒரு கோடியில், பார்க்கப்பட வேண்டியவர் மறு கோடியில்.

ஆசிரமத்துக்கு எதிர்ப்புறத் தெருக்களில் ஒன்றுக்குள் காரை இடப்பக்கம் திருப்பும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும். கண்ணாடியில் பார்த்தால் யாருமில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் ஸ்கூட்டரில் ஒருவர் பின்கதவை உரசுகிற மாதிரி நிற்பார். உள்கண்ணாடி காட்டுவது வண்டிக்கு நேர் பின்னால். பக்கக் கண்ணாடி தட்டையாக இருந்தால் அது காட்டுவது சுமார் 15 டிகிரிக் கீற்றுதான். இரண்டிலும் விழாமல், ஓட்டுநரின் ஓரக்கண்ணிலும் படாமல் நடுவில் ஒரு துண்டு இடம் நழுவிப்போகிறது. ஓட்டுகிறவர்கள் பிளைண்ட் ஸ்பாட் என்று சொல்வது அதைத்தான்.

அந்த இடத்தை முதலில் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடி இல்லை, மனிதன்.

1911ஆம் ஆண்டு மே 30. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் முதல் 500 மைல் பந்தயம். பந்தயக் கார்களில் அப்போது இரண்டு பேர் போவார்கள். ஒருவர் ஓட்டுவார், பக்கத்தில் உட்காரும் மெக்கானிக் எண்ணெய் அழுத்தத்தைக் கவனிப்பார், திரும்பித் திரும்பிப் பார்த்து, பின்னால் யார் வருகிறார்கள் என்று சொல்வார். மார்மன் கம்பெனியின் பொறியாளர் ரே ஹாரௌன் அந்த இரண்டாவது இருக்கையையே எடுத்துவிட்டார். ஆள் குறைந்தால் எடை குறையும், காரையும் ஒடுக்கமாகக் கட்டலாம் என்பது கணக்கு. மஞ்சளும் கறுப்புமாக, குளவி போல வால் நீண்ட அந்தக் காருக்கு ‘மார்மன் வாஸ்ப்’ என்று பெயர்.

மற்ற ஓட்டுநர்கள் சண்டைக்கு வந்தார்கள். பின்னால் வருகிறவனைப் பார்க்க ஆளில்லாத வண்டி எங்கள் எல்லோருக்கும் ஆபத்து என்றார்கள். நியாயமான பேச்சுதான். ஹாரௌனுக்கு 1904இல் சிகாகோவில் பார்த்த ஒரு குதிரை வண்டி நினைவுக்கு வந்தது. அதில் பின்னால் வருவதைப் பார்க்க ஒரு கண்ணாடி மாட்டியிருந்ததாம். எட்டு அங்குல நீளம், மூன்று அங்குல உயரத்தில் ஒரு கண்ணாடியை நான்கு கம்பிகளில் நிறுத்தி, தன் முகத்துக்கு முன்னால் பொருத்திக்கொண்டார். சண்டை அடங்கியது. ஆறு மணி நேரம் 42 நிமிடம் ஓட்டி, மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் அவரே ஜெயித்தார்.

அவர் பின்னாளில் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. செங்கல் பாவிய அந்தத் தடத்தில் வண்டி அதிர்ந்த அதிர்வில், கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லையாம். பக்கத்து ஆளை இறக்கிவிட்டு, அவருடைய வேலையைச் செய்யாத ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். கண்ணாடி இருக்கிறது என்பதே எல்லோருக்கும் போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்தப் பந்தயத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தின் பந்தய ஓட்டுநர் டோரதி லெவிட், கார் ஓட்டும் பெண்களுக்காக எழுதிய புத்தகத்தில் ஒரு கைக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். நெரிசலில் அவ்வப்போது அதைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் பார்க்கலாம் என்று. 1921இல் எல்மர் பெர்கர் என்பவர் காப்புரிமை வாங்கி, வண்டியில் மாட்டும் பின்பார்வைக் கண்ணாடியை விற்பனைச் சரக்காக்கினார்.

நம் ஊரில் அந்த இரண்டாவது ஆள் அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. லாரியின் இடது கண் கிளீனர்தான். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, கதவைத் தட்டித் தட்டி இடப்பக்க நிலவரத்தைச் சொன்ன பையன்கள் எத்தனையோ பேர். பஸ்ஸில் கண்டக்டரின் விசில். கார் வாங்கியவருக்குத்தான் அப்படி யாரும் இல்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் தொடக்ககால வண்டிகளில் ஓட்டுநர் பக்கம் மட்டும் ஒரு கண்ணாடி. 2009இல் விற்பனைக்கு வந்த நானோவின் விலை குறைந்த மாடலிலும் இடப்பக்கக் கண்ணாடி கிடையாது. நடக்கிறவரும் சைக்கிள்காரரும் போகிற பக்கம் அது! விலையைக் குறைக்க எதை வேண்டுமானாலும் விடலாம், இதை விட்டிருக்கக் கூடாது.

இருக்கிற கண்ணாடியையும் நாம் தவறாகத்தான் வைத்துக்கொள்கிறோம். பக்கக் கண்ணாடியில் நம் காரின் பின்கதவு பெரிதாகத் தெரிந்தால்தான் நிம்மதி. அந்தக் கதவு எங்கேயும் போய்விடாது. அதைப் பார்க்கச் செலவிடும் கண்ணாடி வீண். ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995இல் ஒரு கட்டுரையில் சொன்ன வழியை நம் வலப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்றிச் சொல்கிறேன். தலையை வலது ஜன்னலில் முட்டும்வரை சாய்த்து, காரின் ஓரம் இம்மியளவு தெரியும்படி வலது கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்புங்கள். பிறகு இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையைக் கொண்டுவந்து, இடது கண்ணாடியையும் அதே போல வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் சொந்தக் கார் தெரியாது. ஆனால் முந்துகிற வண்டி உள்கண்ணாடியை விட்டு நழுவும்போதே பக்கக் கண்ணாடிக்குள் வந்துவிடும். அதையும் விட்டு நழுவும்போது ஓரக்கண்ணில் பட்டுவிடும். முதல் இரண்டு நாள் வேற்று வண்டியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இடப்பக்கம் பெரும்பாலும் குவிந்த கண்ணாடி. அதில் எல்லாம் சிறுத்து, தள்ளியிருப்பது போலத் தெரியும். தூரத்தை அதைக் கொண்டு அளக்காதீர்கள்.

முன்கண்ணாடியின் இரு பக்கத்துத் தூண்கள் வேறு இருக்கின்றன. கார் உருண்டால் கூரை நசுங்காதிருக்க அவற்றைத் தடிமனாக்கினார்கள். சாலையைக் கடக்கும் ஒரு முழு மனிதரை அந்தத் தூண் மறைத்துவிடும். அதற்குக் கண்ணாடி உதவாது. தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

2019 ஜூலையிலிருந்து இங்கே விற்கும் புதுக் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். பல வண்டிகளில் கேமராவும் இருக்கிறது. ஆனாலும் ஆசிரமத்து வாசலுக்கு அருகே வெளியூர் வேன் ஒன்று பின்னோக்கி வரும்போது யாராவது ஒருவர் இறங்கிவிடுகிறார். போன வாரம் ஓர் இளநீர்க்காரர் வந்தார். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வேனின் இடப்பக்கமாகப் போய் நின்றார். “வா... வா... ஒடி, இன்னும் ஒடி...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பின்னால் சாமியார் ஒருவர் கடந்து போகும்வரை உள்ளங்கையால் வண்டியை ஓங்கித் தட்டி நிறுத்திவைத்தார்.

பிறகு மெதுவாக இரண்டு தட்டு. “ரைட், வா.”