தோட்டத்துத் திடலும் ஒரு கோல்கீப்பரும்

கெடா தோட்டங்களின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் 1947க்கு வந்து நிற்பார்கள். ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை, பீடோங் கள்ளுக்கடை எதிர்ப்பு, டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டது. அதை விட்டுவிட்டு எழுத முடியாதுதான். ஆனால் அந்த இளைஞர்கள் எங்கே அணிவகுத்துப் பழகியிருப்பார்கள்? ரப்பர் மரங்களுக்கு நடுவே வெட்டவெளி என்று வேறு எது இருந்தது, திடலைத் தவிர? அங்கே பந்தை உதைத்தால் துரைக்குக் கவலையில்லை. அதே கால்கள் வரிசையாக நடந்தால் போலீஸ் வரும்.

அந்தத் திடலில் ஆடியவர்களைப் பற்றி நம்மிடம் எழுத்து மிகக் குறைவு. இத்தனைக்கும் மலாயாக் காற்பந்தை வளர்த்தவரே கெடாக்காரர். கூலிமில் மாவட்ட அதிகாரியாக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான் 1951இல் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானார், 1957இல் மெர்டேக்கா போட்டியைத் தொடங்கினார். கூலிமைச் சுற்றி இருந்ததெல்லாம் தோட்டம். அங்கிருந்து ஒரு பையன் மெர்டேக்கா அரங்கத்துக்குப் போக என்ன வழி?

பள்ளிக்கூடம்தான் வழி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். பிறகு சுங்கைப்பட்டாணிக்கோ கூலிமுக்கோ இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். பள்ளி அணிக்குப் பயிற்சி சாயங்காலம். தோட்டத்து லோரியோ மதியமே கிளம்பிவிடும். நல்லா ஆடுவான், ஆனா லோரி போயிடுமே. இந்த ஒரு வரியில் முடிந்துபோன ஆட்டக்காரர்கள் எத்தனை பேரோ. காலணி இல்லை, சத்துணவு இல்லை என்பதெல்லாம் உண்மைதான். என் கணக்கில் லோரிதான் பெரிய காரணம்.

கெடாவைத் தாண்டி, மேலே போன ஒருவரைப் பார்க்கலாம். ஆர். ஆறுமுகம், 1953இல் பிறந்தவர், சிலாங்கூரின் கோல்கீப்பர். நீண்ட கைகளுக்காக ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர். 1980 ஏப்ரல் 6 அன்று, துங்கு தொடங்கிய போட்டி நடந்த அதே மெர்டேக்கா அரங்கத்தில், மலேசியா 2-1 என்று தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் ஆறுமுகம். போகவில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா புறக்கணித்தது, ஈராக் அந்த இடத்தில் ஆடியது. ஆட்டக்காரர்களிடம் யார் கேட்டார்கள்? 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது வயது 35.

2016இல் வந்த ‘ஓலா போலா’ படத்தில் அவர் சாயலில் முத்து என்றொரு கோல்கீப்பர் வருகிறான். தியேட்டரில் தமிழர்கள் கைதட்டிய இடங்கள் அவனுடையவை. ஆறுமுகத்துக்கு ஒரு படமாவது கிடைத்தது. கெடாப் பையன்களுக்கு என்ன மிஞ்சியது? தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. திடல் தொழிலாளியின் பெயரில் இல்லை, எனவே யாரும் அவனைக் கேட்டு விற்கவில்லை. பழைய இடைநிலைப்பள்ளி ஆண்டு மலர்களில் காற்பந்து அணியின் கருப்பு வெள்ளைப் படங்கள் இருக்கும். பின்வரிசையில் நிற்கிறவர்களின் பெயர்களை இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். அடையாளம் காட்டக்கூடியவர்களுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.