தோட்டக்கலை எழுத்தாளர் கூடுகைகள்

தோட்டக்கலையைப் பற்றி எழுதுவோரும், வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பேசுவோரும், படமெடுப்போரும், இவர்களது எழுத்தை வெளியிடுவோரும் தொழில்முறையில் சந்தித்துக்கொள்ளும் மாநாடுகள், தோட்டப் பயணங்கள், விருது விழாக்கள், வட்டாரக் கூட்டங்கள் ஆகியவை இங்கே பேசப்படுகின்றன. இவற்றுக்கென்று ஒரு சங்கம் 1948-ல் அமெரிக்காவில் தோன்றியது. அதற்கு முன்பே பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கங்களும் இதழ்களும் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இதே வேலையை வேறு வடிவில் செய்துவந்தன.

தோட்ட எழுத்து தனிமையான தொழில். ஒரு நாளிதழில் அரசியலுக்கும் விளையாட்டுக்கும் பலர் இருப்பார்கள். தோட்டப் பத்தியை எழுதுபவர் பெரும்பாலும் ஒருவரே. அவரும் அலுவலகத்தில் உட்காராமல் வீட்டிலிருந்து எழுதி அனுப்புபவராகவே இருப்பார். அவர் எழுதுவது சரியா என்று பார்க்க அந்த அலுவலகத்தில் வேறு ஆள் இல்லை. மேலும், ஒரு மண்ணில் தழைக்கும் செடி வேறொரு மண்ணில் பிழைப்பதில்லை. தன் தோட்டத்தை மட்டும் பார்த்து எழுதுபவர், தொலைவில் இருக்கும் வாசகருக்குத் தவறான யோசனை சொல்லிவிடக்கூடும். இந்தக் கூடுகைகள் தோன்றவும் நிலைக்கவும் இந்தத் தேவையே காரணம். விருந்தும் விருதும் பின்னால் சேர்ந்தவை.

சங்கமும் இதழும்

1804 மார்ச் 7 அன்று லண்டன் பிக்கடில்லியில் ஹாட்சர்ட் புத்தகக் கடையில் ஏழு பேர் கூடினார்கள். மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஜான் வெட்ஜ்வுட் இந்த யோசனையை முதலில் முன்வைத்தவர். தாவரவியலுக்குப் புரவலராக விளங்கிய ஜோசப் பேங்க்ஸ், அரச தோட்டங்களைக் கவனித்துவந்த வில்லியம் ஃபோர்சித், வில்லியம் டவுன்சென்ட் எய்டன் ஆகியோரும் அங்கே இருந்தார்கள். அன்று உருவான லண்டன் தோட்டக்கலைச் சங்கம் 1861-ல் அரச சாசனம் பெற்று, அரச தோட்டக்கலைக் கழகமாயிற்று. செடி வளர்ப்பவர் தாம் கண்டதை உறுப்பினர்கள் முன் படிப்பதும், அது அச்சேறி வெளியூர்களுக்குப் போவதும் இச்சங்கத்தின் தொடக்க கால வழக்கம்.

சங்கத்தில் பேசும் வாய்ப்பு வசதி படைத்தவர்களுக்கே கிட்டியது. பண்ணைகளிலும் மாளிகைகளிலும் கூலிக்கு உழைத்த தோட்டக்காரர்களுக்கு வாசலைத் திறந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கிளாடியஸ் லவுடன். வலது கையை அறுவைச் சிகிச்சையில் இழந்த மறு ஆண்டு, 1826-ல், அவர் ‘தோட்டக்காரர் இதழ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வேலை செய்யும் தோட்டக்காரர்கள் எழுதிய கடிதங்களை அதில் வெளியிட்டார். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட குறைந்த கூலியைக் கண்டித்து எழுதினார். ஒருவரையொருவர் பார்த்திராத தோட்டக்காரர்கள் அந்தப் பக்கங்களில் வாதிட்டுக்கொண்டார்கள். பின்னாளைய மாநாடுகள் தந்த பயனில் பெரும்பகுதியை இந்தக் கடிதப் போக்குவரத்து முன்கூட்டியே தந்துவிட்டது. லவுடனின் மனைவி ஜேன், பெண்களுக்கான தோட்டக்கலை நூல்களை எழுதி, இத்துறையில் பெண்களுக்குத் தனி இடம் தேடித்தந்தார்.

1841-ல் ஜோசப் பாக்ஸ்டன், ஜான் லிண்ட்லி முதலியோர் தொடங்கிய ‘தோட்டக்காரர் குரோனிக்கிள்’ வார இதழ் இந்த வலையை இன்னும் அகலமாக்கியது. சார்லஸ் டார்வின் அதன் வாசகர். அதில் எழுதியவரும் கூட. 1845 செப்டம்பரில், அயர்லாந்தில் உருளைக்கிழங்குக் கருகல் நோய் கண்டுவிட்டது என்ற செய்தியை, இதழ் அச்சில் இருக்கும்போதே நிறுத்தி லிண்ட்லி சேர்த்தார். நோயின் காரணத்தில் இதழாசிரியரான லிண்ட்லியே தடுமாறினார். ஈரமான பருவநிலைதான் காரணம் என்பது அவர் கருத்து. பூஞ்சையே காரணம் என்று வாதிட்டவர் பாதிரியார் எம். ஜே. பெர்க்லி, பிற்கால ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன. பத்து லட்சம் பேரைப் பலிகொண்ட பஞ்சத்தின் முதல் அடையாளங்களைத் தோட்டப் பத்திரிகை ஒன்று பதிவு செய்தது. வெளியூர்களிலிருந்து எழுதும் ஆட்கள் அதற்கு இருந்ததால்தான் அது முடிந்தது.

1871-ல் வில்லியம் ராபின்சன் ‘தோட்டம்’ என்ற வார இதழைத் தொடங்கினார். 1875-ல் கெர்ட்ரூட் ஜீக்கில் அவரைச் சந்தித்தார். கைத்தொழிலிலும் ஓவியத்திலும் ஈடுபட்டிருந்த ஜீக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதிய தோட்ட எழுத்தாளராக மாறியதில் இந்த நட்புக்குப் பங்குண்டு.

அரச தோட்டக்கலைக் கழகத்தின் வசந்தகாலக் கண்காட்சி 1913-ல் லண்டன் செல்சியில் உள்ள அரச மருத்துவமனை மைதானத்துக்கு வந்தது. பொதுமக்கள் வரும் முன் பத்திரிகையாளர்களுக்கென ஒரு நாள் ஒதுக்கும் பழக்கம் அங்கே நிலைபெற்றது. புது ரகங்களை உருவாக்கியவர்கள் செடிக்குப் பக்கத்திலேயே நின்று பதில் சொல்வார்கள். பிரிட்டனின் தோட்ட எழுத்தாளர்களுக்கு அழைப்பிதழ் இல்லாமலேயே நடக்கும் ஆண்டுக்கூட்டம் என்று அந்த நாளைச் சொல்லலாம்.

வானொலிக் காலம்

1930-களில் பி.பி.சி. வானொலியில் சி. எச். மிடில்டன் தோட்டக்கலை பேசினார். போர்க் காலத்தில் வீட்டுக் காய்கறி வளர்ப்பு இயக்கத்தின் குரலாக அவர் அறியப்பட்டார். 1947 ஏப்ரல் 9 அன்று, மான்செஸ்டருக்கு அருகே ஆஷ்டன்-அண்டர்-லைன் ஊரின் பிராடோக் விடுதியில் புதிய வகை நிகழ்ச்சி ஒன்று பதிவானது. உள்ளூர்த் தோட்டக்காரர்கள் கேள்வி கேட்டார்கள். பில் சவர்பட்ஸ், ஃபிரெட் லோட்ஸ் உள்ளிட்ட வல்லுநர்கள் பதில் சொன்னார்கள். பிறகு ‘தோட்டக்காரர்களின் கேள்வி நேரம்’ என்று பெயர் பெற்ற இந்நிகழ்ச்சி ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்யும் முறையைக் கைக்கொண்டது. வல்லுநர்கள் கேட்பவரின் மண்ணுக்கே போய் உட்கார வேண்டியிருந்தது. சொன்ன பதில் அந்த ஊருக்குப் பொருந்தாவிட்டால் கூட்டத்திலிருந்தே மறுப்பு வரும். எழுத்தாளர் மட்டும் கூடும் மாநாட்டில் கிடைக்காத சோதனை இது.

அமெரிக்கச் சங்கம்

அமெரிக்காவில் இக்கூடுகைகளை வளர்த்ததில் விதைத் தொழிலுக்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டுத் தோட்டக்காரர்களுக்குச் செய்தி கொண்டுசேர்க்க 1920-ல் தேசியத் தோட்டப் பணியகம் தொடங்கப்பட்டது. 1932-ல் அட்லாண்டாவைச் சேர்ந்த ரே ஹேஸ்டிங்ஸ் ‘அனைத்து அமெரிக்கத் தேர்வுகள்’ என்ற அமைப்பை உருவாக்கினார். ஒவ்வொரு விதை நிறுவனமும் தன் ரகமே சிறந்தது என்றது. உண்மையைச் சொல்ல நடுநிலையான ஆள் இல்லை. நாட்டின் பல பகுதிகளில் சோதனைத் தோட்டங்கள் வைத்து, புது ரகத்தை ஏற்கெனவே சந்தையில் உள்ள ரகத்துக்குப் பக்கத்தில் நட்டு ஒப்பிட்டு, வென்றவற்றைத் தோட்டப் பத்தியாளர்களுக்கு அறிவிப்பதே அவர் கண்ட வழி. 1933-ல் வெற்றி பெற்ற முதல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. கேள்விப்பட்டதை எழுதிவந்தவர்களுக்குச் சோதித்த செய்தி கிடைத்தது.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் ஏறத்தாழ 2 கோடி ‘வெற்றித் தோட்டங்கள்’ இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. மண்வெட்டி பிடித்தறியாத நகரவாசிகள் பலர் தக்காளியும் பீன்ஸும் நட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்ட நாளிதழ்களுக்குப் பத்தியாளர்கள் தேவைப்பட்டார்கள். போர் முடிந்து மூன்றாண்டுகளில், 1948-ல், அமெரிக்கத் தோட்ட எழுத்தாளர் சங்கம் தொடங்கப்பட்டது. வட அமெரிக்கா முழுவதும் வட்டாரக் கிளைகள், ஆண்டு மாநாடு, எழுத்துக்கும் படத்துக்கும் ஒலிபரப்புக்கும் விருதுகள் என்று அது வளர்ந்தது. உறுப்பினர்களில் எழுத்தாளர் மட்டுமல்லாது பேச்சாளர், படப்பிடிப்பாளர், நர்சரி நிறுவனங்களின் தொடர்பு அலுவலர் எனப் பலரும் சேர்ந்ததால், 2018-ஐ ஒட்டி அதன் பெயரும் தோட்டத் தகவலாளர்கள் அனைவரையும் குறிக்கும் ‘கார்டன்காம்’ என்று மாறியது.

மாநாடு ஆண்டுக்கு ஒரு நகரத்தில் நடக்கும்: 2013-ல் கனடாவின் கியூபெக், 2016-ல் அட்லாண்டா, 2017-ல் பஃபலோ, 2018-ல் சிகாகோ, 2019-ல் சால்ட் லேக் சிட்டி. உரையரங்கம், நிறுவனங்களின் கண்காட்சிக் கூடம், விருது விருந்து ஆகியவை மற்ற தொழில்முறை மாநாடுகளில் உள்ளவைதாம். பேருந்துகளில் ஏறி, பொதுப் பூங்காக்களையும் தனியார் வீட்டுத் தோட்டங்களையும் பார்க்கப் போவதுதான் இதன் சிறப்பு. தன் ஊரில் குளிரில் வாடும் செடி மாநாட்டு ஊரில் வேலியாக நிற்பதை எழுத்தாளர் கண்ணால் பார்க்கிறார். அருகில் நிற்கும் உள்ளூர்ப் பத்தியாளரிடம் மண்ணையும் மழையையும் கேட்டுக்கொள்கிறார். பஃபலோ இதற்குப் பொருத்தமான ஊர். 1995 முதல் அங்கே ஜூலைக் கடைசியில் வீட்டுத் தோட்டங்களைக் கட்டணமின்றி ஊராருக்குத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. 300-க்கும் மேற்பட்ட தோட்டங்கள் அதில் பங்கெடுத்திருக்கின்றன.

இச்சங்கத்தின் வரலாற்றில் முதன்மையானது 1995 மாநாடு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அது அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்தில் நடந்தது. அந்நகரின் வழக்கறிஞர் ஜெஃப் லோவன்ஃபெல்ஸ் 1976 முதல் உள்ளூர் நாளிதழில் தோட்டப் பத்தி எழுதிவந்தார். வாஷிங்டனில் ஓர் இரவு, சாப்பாட்டுக்குக் காசு கேட்டு வீடற்ற ஒருவர் அவரை வழிமறித்தார். ஊர் திரும்பிய லோவன்ஃபெல்ஸ், ஒவ்வொருவரும் தம் தோட்டத்தில் ஒரு வரிசை கூடுதலாகக் காய்கறி நட்டு, ஏழைகளுக்கு உணவளிக்கும் ‘பீன்ஸ் கஃபே’க்குக் கொடுக்கும்படி தம் பத்தியில் கேட்டார். வாசகர்கள் கொடுத்தார்கள். சங்கத்தின் ஆண்டு மாநாடு தம் ஊருக்கே வந்தபோது அவர் இதை எல்லார் முன்பும் வைத்தார், சங்கம் ஏற்றுக்கொண்டது. ‘பசித்தோருக்கு ஒரு வரிசை’ என்ற இயக்கம் அப்படித்தான் நாடு தழுவியதாயிற்று. அடுத்த இருபதாண்டுகளில் 2 கோடி பவுண்டுக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 9,000 டன், விளைபொருள் உணவு வங்கிகளுக்கும் அன்னதானக் கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்ததாகச் சங்கம் கணக்கிட்டது. இதற்குப் பெரிய நிதியோ அரசாணையோ தேவைப்படவில்லை. பத்தி வைத்திருந்த ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் அதையே எழுதியது போதுமானதாயிற்று. எழுதுபவர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திராவிட்டால் அந்த வரிசை ஆங்கரேஜோடு நின்றிருக்கும்.

இதே லோவன்ஃபெல்ஸ் நெடுங்காலம் ரசாயன உரத்தை ஆதரித்தவர். தோட்டக்கலை நண்பர் ஒருவர் அனுப்பிய நுண்ணோக்கிப் படங்களில், தக்காளி வேரைத் தாக்க வந்த நூற்புழுவைப் பூஞ்சை இழை பிடித்துவைத்திருப்பதைக் கண்டபின் அவர் மண்ணுயிர்களைப் படிக்கத் தொடங்கினார். 2006-ல் வேய்ன் லூயிஸுடன் சேர்ந்து மண் உயிர்களைப் பற்றி நூலே எழுதினார். தொழில் நட்பு எழுத்தாளரின் கருத்தையே மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிற அமைப்புகள்

பிரிட்டனில் தோட்ட எழுத்தாளர் குழுமம் 1990-களின் தொடக்கத்தில் உருவாகி, பின்னர் தோட்ட ஊடகக் குழுமம் ஆனது; லண்டனில் நடக்கும் அதன் விருது விழா பதிப்பாளரும் எழுத்தாளரும் சந்திக்கும் முக்கிய நாள். ஆஸ்திரேலியாவிலும் தோட்டக்கலை ஊடகத்தாருக்குச் சங்கம் உண்டு.

இணையத்தில் எழுதியவர்கள் இவற்றுக்கு வெளியே தாங்களே கூடினார்கள். 2008-ல் டெக்சஸின் ஆஸ்டின் நகரத்தில் முதல் தோட்ட வலைப்பதிவர் சந்திப்பு நடந்தது. அடுத்து சிகாகோ, பஃபலோ, சியாட்டில், பின்னாளில் டொராண்டோ, டென்வர் என்று ஆண்டுதோறும் ஊர் மாறியது. இங்கே உரையரங்கம் கிடையாது. முழுக்க முழுக்கத் தோட்டம் பார்ப்பதுதான். அந்தந்த ஊர்ப் பதிவர்களே ஏற்பாட்டாளர்கள். நாளிதழ்கள் தோட்டப் பத்திகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், சம்பளம் இல்லாத எழுத்தாளர்களை இச்சந்திப்பு தாங்கிப் பிடித்தது.

இலவசச் செடியும் நேர்மையும்

இக்கூடுகைகளின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். கண்காட்சிக் கூடத்தில் இடம்பிடிக்கும் நர்சரிகளும் கருவி நிறுவனங்களும் எழுத்தாளர்களுக்குச் செடி, விதை, கத்தரிக்கோல் எனக் கொடுத்தனுப்புகின்றன. புது ரகத்தை வளர்த்துப் பார்க்காமல் எழுத முடியாது என்பது உண்மை. இலவசமாக வந்த செடியைக் குறைசொல்லக் கை தயங்கும் என்பதும் உண்மை. 2009-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்தி, இலவசமாகப் பெற்ற பொருளைப் பாராட்டி எழுதும் வலைப்பதிவர் அதை வாசகருக்குச் சொல்ல வேண்டும் என்றது. வெளிப்படுத்துவது தொடக்கமே. மூன்று பருவங்கள் மண்ணில் வைத்துப் பார்த்து, பட்டுப்போன செடியையும் பட்டுப்போனது என்று எழுதுபவரை வாசகர் தேடிப் படிப்பார்.

2020-ல் பெருந்தொற்று நேரில் நடக்கும் கூடுகைகளை நிறுத்தியது. அமெரிக்கச் சங்கத்தின் மாநாடு இணையத் திரைக்கு மாறியது. அமெரிக்காவின் மாடிசன் நகரத்தில் நடக்கவிருந்த பதிவர் சந்திப்பு ஒத்திவைக்கப்பட்டது. உரைகளைத் திரை நன்றாகவே கொண்டுசேர்த்தது. பயணச் செலவுக்கு வழியில்லாத இளையவர்களுக்கு அதனால் நன்மையும் விளைந்தது. செடியின் உயரத்தையும், நிழலில் அது எப்படி நிற்கிறது என்பதையும், மண்ணின் ஈரத்தையும் திரை காட்டவில்லை. மாடிசன் சந்திப்பு இரண்டாண்டு தாமதமாக 2022-ல் தோட்டங்களிலேயே நடந்தது. 2023-ல் பிலடெல்பியா அடுத்த ஊராயிற்று.