ஷ்லீரன் ஒளிமுறையின் வரலாறும் தமிழ்க் கலைச்சொல் சிக்கலும்

காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.0003. வெப்பத்தாலோ அழுத்தத்தாலோ அடர்த்தி வேறுபடும்போது இவ்வெண்ணின் கடைசி இலக்கங்களே மாறுகின்றன. பாலை நிலத்துப் பேய்த்தேர் எனப் பழந்தமிழ் அறிந்த கானலும் இம்மாற்றத்தின் விளைவே. இந்நுண்ணிய மாற்றத்தை ஆய்வுக்கூடத்தில் காட்சியாக்கிய ஷ்லீரன் முறையின் வரலாற்றையும், அதற்குத் தமிழில் பெயரிடுவதிலுள்ள இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை நோக்குகிறது.

'ஷ்லீரே' என்னும் ஜெர்மன் சொல் கண்ணாடிக்குள் ஓடும் கீற்றைக் குறிக்கும். வில்லை செய்வோர் வெறுத்த குறை அது. 1864இல் தம் முறையை விளக்கி நூலெழுதிய ஆகஸ்ட் டோப்ளர், அக்குறையின் பெயரையே அதற்குச் சூட்டினார். வில்லையோ குழியாடியோ ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும். அங்கே ஒரு கத்தி விளிம்பு ஒளியின் ஒரு பகுதியை மறைத்து நிற்கும். வழியிலுள்ள காற்றின் அடர்த்தி சீராக இல்லையெனில் சில கதிர்கள் சற்றே விலகும். விளிம்பில் மோதுபவை திரையில் இருளாகவும், தப்புபவை ஒளியாகவும் படியும். தொலைநோக்கி ஆடிகளுக்கு ஃபூக்கோ வகுத்த கத்திமுனைச் சோதனை இதற்கு நெருங்கிய உறவு. 1886இல் எர்ன்ஸ்ட் மாக்கின் கருத்துப்படி பீட்டர் சால்கர், பறக்கும் தோட்டாவின் முன் எழும் அதிர்ச்சி அலையைப் படம்பிடித்த பின்னர், கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பற்றிய வாதங்களுக்கு ஒளிப்படம் சான்றாயிற்று.

இந்தியருக்கு இம்முறையோடு உள்ள தொடர்பில் சதீஷ் தவனின் பணி குறிப்பிடத்தக்கது. கலிபோர்னியாவில் லீப்மன், ரோஷ்கோ ஆகியோருடன் அவர் எழுதி 1952இல் வெளிவந்த அறிக்கை, எல்லைப்படலத்தில் அதிர்ச்சி அலை மீள்வதை ஆராய்ந்தது. படலத்தில் நிகழ்வது வரிச்சீர் ஓட்டமா, சுழற்சி ஓட்டமா என்பதைப் பொறுத்து அலையமைப்பு வேறுபடுவதை ஷ்லீரன் படங்கள் காட்டின. 1951இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்த தவன், ஒலியை விஞ்சும் வேகத்துக்காக அமைத்த காற்றுச் சுரங்கத்தின் சோதனைப் பகுதி 1 அங்குலத்துக்கு 3 அங்குலமே. அத்துணைக் குறுகிய இடத்தில் எந்த அளவைக் கோலை நுழைத்தாலும் அதுவே ஓட்டத்தைக் குலைக்கும். வசதி குறைந்த ஆய்வுக்கூடத்துக்கு ஒளிமுறை ஆடம்பரமன்று, தேவை என்பதை இவ்வளவே உணர்த்துகிறது. (பெரிய சுரங்கங்களை மட்டுமே போற்றும் வரலாறுகள் இதனைப் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன.)

பொறியியலைத் தமிழில் எழுத இயலும் என்பதைக் கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரனின் 'கலைக்கதிர்' இதழ் மெய்ப்பித்தது. அம்மரபில் நின்று நோக்கினால் ஒலிபெயர்ப்போடு நிற்பது போதாது. கத்தி விளிம்பின்றி நிழலை மட்டும் பதியும் உடன்பிறப்பு முறையை 'நிழற்படம்' எனலாகாது. அச்சொல் ஏற்கெனவே புகைப்படத்துக்கு வழங்குகிறது. 'நிழலுருப் பதிவு' பொருந்தும். ஷ்லீரனுக்குக் 'கீற்றுப்படம்' என்பதே தகும். கண்ணாடியின் குறையில் பிறந்த முறை என்னும் செய்தி அச்சொல்லில் தங்குகிறது. 'அடர்த்திப்படம்' என்றாலோ அது மறைவதோடு, அடர்த்தியையே நேரடியாக அளக்கும் குறுக்கீட்டுமானியோடும் குழப்பம் நேரும்.