ஓவியப் பாடவேளையும் மனநலமும்: தெரேசின் முகாமிலிருந்து தமிழகப் பள்ளி வரை

பள்ளிகளில் கலைச் சிகிச்சை என்றதும் வெளியிலிருந்து வரும் பயிற்றுநரும் ஒருநாள் பயிலரங்கும்தான் கல்வித்துறையினரின் நினைவுக்கு வருகின்றன. கால அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும் ஓவியப் பாடவேளையை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கலை, கலையாகவே தொடர்ச்சியாகக் கற்பிக்கப்படும்போதுதான் பிள்ளைகளின் மனத்துக்கு ஆதரவாகிறது என்பதும், அந்தத் தொடர்ச்சி கற்பிப்பவரின் பணிநிலையைப் பொறுத்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம். கலைச் சிகிச்சையின் வரலாறே இதற்குச் சான்று தருகிறது.

1898-இல் வியன்னாவில் பிறந்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், ஓவியர் யோஹான்னஸ் இட்டனின் மாணவி. அவரைப் பின்தொடர்ந்து வைமாரின் பௌஹௌஸ் கலைப்பள்ளியிலும் பயின்றவர். யூதர் என்பதால் 1942 டிசம்பரில் கணவருடன் நாஜிகளின் தெரேசின் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே சிறுவர் விடுதிகளில் அவர் வகுப்பு நடத்தினார். தாள் கிடைப்பதே அரிது. எழுதித் தீர்ந்த அலுவலகப் படிவங்களின் பின்பக்கமும் பொட்டலம் கட்டிய தாளும்தான் கிடைத்தன. அவற்றில் நடந்தவை பௌஹௌஸ் பயிற்சிகள்: ஆசிரியர் தரும் தாளத்துக்கு ஏற்பக் கை கோடிழுத்தது; கிழித்த தாள்களை ஒட்டிப் படம் அமைத்தார்கள்; பழைய பேரோவியங்களின் கட்டமைப்பைப் பார்த்துப் பயின்றார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் வரைந்தவை பூக்கள், வீடு, சாப்பாட்டு மேசை. அடுக்குக் கட்டில்களையும் வரிசையில் நிற்கும் மனிதர்களையும் வரைந்தவர்களும் உண்டு. படங்களில் அவரவர் பெயர் எழுதப்பட்டது. ஆட்களை எண்களாக்கிய இடத்தில் அது சிறிய செயலன்று.

1944 அக்டோபரில் ஃப்ரீடல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராகின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. கலையின் ஆற்றலைப் பற்றி எதைச் சொன்னாலும் இந்த உண்மையை முன்னால் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். படம் யாரையும் காப்பாற்றவில்லை. ஆனால் வரைந்துகொண்டிருந்த நேரத்தில் அப்பிள்ளைகள் எதையோ தாமே தீர்மானித்தார்கள். எந்த நிறம், எந்தக் கோடு, எங்கே நிறுத்துவது என்று.

ஃப்ரீடலிடம் பயின்று, பிராகில் அகதிப் பிள்ளைகளின் வகுப்புகளில் அவருக்குத் துணைநின்ற எடித் கிராமர் 1938-இல் நியூயார்க் சென்றார். 1950-களில் வில்ட்விக் என்னும் உறைவிடப் பள்ளியில், வாழ்க்கை அலைக்கழித்த சிறுவர்களோடு பணியாற்றி, அந்த அனுபவத்தை 1958-இல் நூலாக்கினார். அவர் வகுத்த கருத்துகளுள் ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படுவது 'மூன்றாம் கை': பிள்ளையின் படத்தில் தன் பாணியைத் திணிக்காமல், தடுமாறும் இடத்தில் மட்டும் தொட்டு உதவும் கை. வண்ணம் பிசுபிசுத்துப் படம் பாழாகப் போகிறதென்றால் கெட்டித் தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் அதில் அடங்கும். எப்போது ஒதுங்குவது என்று தெரிய, தானும் வரைந்து பழகியிருக்க வேண்டும்.

தன்னை வெளிப்படுத்தாமல் காத்துக்கொள்ளவும் பிள்ளைகள் வரைவதுண்டு என்று கிராமர் காட்டினார். நம் வகுப்பறையில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். 'இஷ்டப்பட்டதை வரையுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலைகள், நடுவில் கதிர் விரிக்கும் சூரியன், மலையிடுக்கிலிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு வீடு, பக்கத்தில் தென்னை, வானத்தில் 'v' போல நாலைந்து பறவைகள். மலையே இல்லாத தஞ்சை வட்டாரப் பிள்ளையும் இதைத்தான் வரையும். கற்பனை வறட்சி என்று கடிந்துகொள்வது தவறு. யாரும் குறை சொல்ல முடியாத, தன்னைப் பற்றி எதையும் காட்டிக்கொடுக்காத படம் அது. ஆறாவது, ஏழாவது வகுப்பில்தான் அத்தென்னை சாயத் தொடங்கும். வீட்டுக்குப் பதில் தன் வீட்டுத் தகரக் கூரை வரும். அதுவரை வகுப்பில் அதே ஆசிரியர் இருக்க வேண்டும்.

இந்தப் பொறுமை இல்லாத இடத்தில் கலைச் சிகிச்சை எளிதில் துப்பறிதலாகிவிடுகிறது. கருப்பு அதிகம், ஆகவே மனச்சோர்வு. கையில்லாத உருவம், ஆகவே வன்முறைக்கு ஆளான பிள்ளை. கருப்புக் கிரேயான் மட்டும் தேயாமல் மிச்சமிருந்திருக்கலாம். ஒரே படத்திலிருந்து நோய்க்குறி படிப்பதற்கு வலுவான ஆதாரமில்லை. தன் படம் படிக்கப்படுகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், மறுவாரமே மலையும் சூரியனும் திரும்பி வந்துவிடும்.

ஆசிரியர் நலத்துக்கு வருவோம். 2016-இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமலும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், 39 பெரியவர்கள் 45 நிமிடம் கலைப்பொருள்களோடு ஈடுபட்டபின் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் மனஅழுத்த இயக்குநீரான கார்டிசாலின் அளவு குறைந்திருந்தது. முன்னனுபவம் இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வேறுபாடில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. ஒரு பொழுதின் இளைப்பாறலுக்கு அது சான்று. ஊதியமும் பணிப் பாதுகாப்பும் தர வேண்டியவற்றுக்கு அது ஈடாகாது.

தமிழகத்தில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். பின்னர் ஊதியம் படிப்படியாக உயர்ந்தாலும், கோடை விடுமுறையென்று மறுக்கப்பட்ட மே மாதச் சம்பளத்துக்காகவும் பணி நிரந்தரத்துக்காகவும் அவர்கள் பல ஆண்டுகள் சாலையில் அமர்ந்து போராட நேர்ந்தது. பிள்ளைகளின் மன அமைதிக்கு நாம் நம்பியிருக்க வேண்டியவர்கள் இவர்கள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் ஓவியப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வதும் வழக்கம். கலையைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயப் பாடமாக்கச் சொன்ன தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் 2006-ஆம் ஆண்டு நிலைப்பாட்டு அறிக்கை ஏட்டளவில் நின்றுவிட்டது. அரசு பள்ளி மாணவர்களுக்கு நடத்திய கலைத் திருவிழாப் போட்டி ஏராளமான பிள்ளைகளை மேடைக்குக் கொண்டுவந்தது, அது வரவேற்கத்தக்கது. ஆனால் போட்டி நன்றாக வரைபவரைத் தேர்ந்தெடுக்கும். வரையத் தயங்கும் பிள்ளைக்கு வாராந்தர வகுப்புதான் வேண்டும்.

இலங்கையின் மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா தொடர்ச்சியின் மதிப்பை அறிந்திருந்தது. கனடிய ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைக் குரு பால் சற்குணநாயகமும் முன்னின்று நடத்திய அந்தப் பூங்காவுக்கு, போரின் நடுவே தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் வாராவாரம் பேருந்தில் வந்து, பல மாதங்கள் சேர்ந்தாற்போல் களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் ஈடுபட்டார்கள்.

நம் பள்ளிகளுக்கு உடனடியாக வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையல்ல. ஓவிய ஆசிரியருக்கு முழுநேரப் பணி. எந்தப் பாடத்துக்கும் கடன் கொடுக்கப்படாத பாடவேளை. மாதம் ஒருமுறையேனும் எல்லா ஆசிரியர்களும் மதிப்பெண் பயமின்றித் தாமே வரைந்து பார்க்க வேலைநேரத்திலேயே ஒரு மணி. பிள்ளையின் துயரம் வகுப்பால் தாங்க முடியாததாகத் தெரிந்தால், தேர்ந்த ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அனுப்ப வேண்டும். அந்த எல்லையை ஓவிய ஆசிரியர் தாண்டக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டு முழுவதற்கும் ஒரு கோப்பு, வரைந்த நாளோடு. அது பிள்ளையின் சொத்து. அவர் சம்மதமில்லாமல் அதிலிருந்து ஒரு தாளும் கண்காட்சிச் சுவருக்கோ ஆய்வாளர் மேசைக்கோ போகக் கூடாது.